பினாங்குப் பயணம்: அப்பாவின் கதவுக்கல்

கோலாலம்பூர் கேஎல் சென்ட்ரல் ஸ்டேஷனில் ரயில் ஏறும்போதுதான் கவனித்தேன், அம்மாவின் கைப்பை கையை இழுக்கிற அளவுக்குக் கனம். ரெண்டு நாள் பயணத்துக்கு என்னதான் எடுத்து வைத்திருக்கிறார் என்று வாங்கிப் பார்த்தால், அடியில் குளியல் துண்டில் சுற்றி எங்கள் வீட்டுச் சமையலறைக் கதவுக்கல், கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக்கொடுத்து வைப்பது. "எதுக்கும்மா இது?" என்றேன். "அவரு வர முடியல, இதாவது வரட்டும்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்குமேல் நான் ஒன்றும் கேட்கவில்லை.

அப்பா தவறி ஒரு வருடம் ஆகிறது. முதல் திவசத்தை வீட்டில் செய்துவிட்டு, அடுத்த வாரமே பினாங்குக்குப் போய் வரவேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை. வீட்டைத் தம்பி குடும்பத்திடம் விட்டுவிட்டுக் கிளம்பினோம். அந்தக் காலத்தில் நாங்கள் இருந்தது பினாங்குத் தீவில் இல்லை, கடலுக்கு இந்தப் பக்கம் பட்டர்வொர்த்தில். ஆனால் அப்பா வேலை பார்த்த பினாங்குப் பாலம் இரண்டு பக்கத்துக்கும் பொது என்பதால் வீட்டில் எப்போதும் "பினாங்கில் இருந்தப்போ" என்றுதான் பேச்சு தொடங்கும்.

அப்பா சிவில் இன்ஜினியர். 1949இல் பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர், தாத்தா பாட்டி இருவரும் பால்மரம் சீவியவர்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் படித்தார். அங்கே அவருக்குப் பாடம் எடுத்தவர்களில் ஒருவர் பேராசிரியர் சின் ஃபுங் கீ. மண்ணில் அறைந்த பைல், அதாவது அஸ்திவாரத் தூண், எவ்வளவு பாரம் தாங்கும் என்று கணக்கிட 1970இல் அவர் சொன்ன முறைக்கு இன்றும் அவர் பெயர்தான். பைல் மேல் பாரத்தைக் கூட்டிக்கொண்டே போகவேண்டும், ஒவ்வொரு தடவையும் எவ்வளவு இறங்கியது என்று குறிக்கவேண்டும், இறக்கத்தைப் பாரத்தால் வகுத்து, அதையே இறக்கத்துக்கு எதிரே வரைபடத்தில் புள்ளி வைத்தால் நேர்கோடு வரும், அந்தக் கோட்டின் சாய்விலிருந்து கடைசித் தாங்குதிறன் தெரிந்துவிடும். அப்பா இதை எனக்குச் சொன்னபோது எனக்கு வயது பத்து இருக்கும். புரியவில்லை. ஆனால் "ஒரே நாள்ல முழுப் பாரத்தையும் ஏத்திப் பார்க்கக் கூடாதும்மா, கொஞ்சம் கொஞ்சமா ஏத்தணும், ஒவ்வொரு தடவையும் நின்னு பார்க்கணும்" என்று அவர் சொன்ன விதம் மறக்கவில்லை. அதே பேராசிரியர்தான் பிற்பாடு பினாங்குப் பாலத்தின் வடிவமைப்பிலும் முக்கியப் பங்கு எடுத்தார். வாத்தியார் போட்ட கணக்கில் தானும் ஒரு மூலையில் இருக்கிறோம் என்பதில் அப்பாவுக்கு அவ்வளவு பெருமை.

ஈப்போ தாண்டி, புக்கிட் பெராபிட் சுரங்கம் தாண்டி, தைப்பிங் கடந்ததும் ரயில் புக்கிட் மேரா ஏரியின் நடுவே போகும். இரண்டு பக்கமும் தண்ணீர். அம்மா தூங்கிவிட்டார். நான் அந்தக் கல்லை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன்.

அதைக் கல் என்று சொன்னாலும் அது காங்கிரீட். எங்கேயெல்லாம் காங்கிரீட் கொட்டுகிறார்களோ அங்கே அதே கலவையில் கொஞ்சம் எடுத்து, பக்கத்துக்கு 15 சென்டிமீட்டர் உள்ள இரும்பு அச்சில் அடைத்து வைப்பார்கள். கியூப் என்று சொல்வது அதைத்தான், ஒன்று எட்டுக் கிலோ வரும். மறுநாள் அச்சைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டியில் போடுவார்கள். ஏழாம் நாள் சிலதை எடுத்து மிஷினில் வைத்து நசுக்கிப் பார்ப்பார்கள், 28ஆம் நாள் மற்றதை. எத்தனை டன்னில் உடைகிறதோ அதுதான் பாலத்தில் கொட்டிய காங்கிரீட்டின் சாட்சி. அப்பாவின் பொறுப்பு இதுதான். பாலத்தின் நடுவே கம்பிகளால் தாங்கி நிற்கும் 225 மீட்டர் பகுதியைத்தான் எல்லோரும் படம் பிடிப்பார்கள், கப்பல் போவதற்காகத் தண்ணீருக்கு மேல் 33 மீட்டர் உயரம் விட்ட இடம் அது. அதை வடிவமைத்தவர் அப்பா இல்லை. ஹூண்டாய் கம்பெனியின் கொரியர்கள் ஊற்றிய காங்கிரீட் சரியாக இருக்கிறதா என்று சோதித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பல பேரில் ஒருவர், அவ்வளவுதான். எனக்கு அது சின்ன வேலையாகத் தெரிந்ததே இல்லை.

சோதனையில் நன்றாக உடைந்த கியூபுக்கு ஒரு வடிவம் உண்டு. மேலேயும் கீழேயும் மிஷினின் தட்டு அழுத்திப் பிடித்துக்கொள்வதால் அங்கே விரிய முடியாது, பக்கங்கள் மட்டும் வெடித்து உதிரும். மிச்சம் நிற்பது இரண்டு கூம்பு, முனையோடு முனை ஒட்டி, அச்சு அசலாக உடுக்கை மாதிரி. ஒரு பக்கம் மட்டும் சரிந்து உடைந்தால் கலவையிலோ சோதனையிலோ கோளாறு என்று அர்த்தம். எங்கள் வீட்டுக் கதவுக்கல் அழகாக உடைந்த உடுக்கை. அடிப்பக்கத்தில் ஆணியால் கீறிய தேதி இன்னும் படிக்கலாம்: 12-3-83. நான் பிறந்த நாள்.

அன்றைக்கு ராத்திரி, பாலம் இந்தக் கரையில் வந்து சேர்கிற பிறை என்ற ஊர்ப் பக்கம் காங்கிரீட் கொட்டினார்கள். பகல் வெயிலில் கலவை சீக்கிரம் இறுகிவிடும் என்பதால் பெரிய வேலையை இரவில்தான் வைத்துக்கொள்வார்களாம். அம்மாவுக்கு வலி எடுத்ததும் பக்கத்து வீட்டு அக்காதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். விடியற்காலை அப்பா ஓடி வந்தபோது முழங்கால் வரை சிமெண்ட், நர்ஸ் வாசலிலேயே நிறுத்திவிட்டார். கால் கழுவி, சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உள்ளே வந்து என்னைப் பார்த்தாராம். பார்த்துவிட்டு மறுபடியும் சைட்டுக்குப் போய், அச்சில் ஈரம் காயாத ஒரு கியூபில் தேதியை எழுதிவிட்டு வந்திருக்கிறார். 28 நாள் கழித்து, எனக்கு முப்பதாம் நாள் சாமி கும்பிடுவதற்கு இரண்டு நாள் முன்னால், அது மிஷினில் ஏறியது. "பாஸ்" என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்குள் வந்தாராம், கையில் இந்தத் துண்டோடு. பச்சைப்பிள்ளை இருக்கிற வீட்டில் உடைந்த கல்லைக் கொண்டுவந்து வைக்கிறாரே என்று பாட்டி திட்டியதும் கதவுக்குப் பக்கத்தில் வைத்தார். அன்றிலிருந்து அதற்கு அதுதான் இடம், எத்தனை வீடு மாறினாலும்.

பட்டர்வொர்த்தில் இறங்கி, நேராக ஃபெர்ரிக்குப் போனோம். கார் ஏற்றிப்போகிற பழைய பெரிய ஃபெர்ரி 2020 கடைசியோடு நின்றுவிட்டது, இப்போது ஓடுவது வேறு. அம்மா ஏறும்போது என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். காரணம் தெரியும். 1988 ஜூலை 31, ஞாயிற்றுக்கிழமை. புக்கிட் மெர்தாஜாமில் செயின்ட் ஆன் திருவிழா, அதே நேரம் பினாங்கில் சீனர்களின் குவான் யின் விழா, கூட்டம் தாங்காமல் பட்டர்வொர்த் ஃபெர்ரி முனையத்தின் மேல்தளம் இடிந்து விழுந்தது. 32 பேர் செத்துப்போனார்கள். எனக்கு அப்போது ஐந்து வயது. அப்பா செய்தி கேட்டதும் டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓடினவர் மறுநாள் காலையில்தான் வந்தார். என்ன பார்த்தார் என்று சாகும்வரை சொல்லவில்லை. குளித்துவிட்டு வந்து, தூங்கிக்கொண்டிருந்த என்னையும் தம்பியையும் எழுப்பி, தலைமுதல் கால்வரை தடவிப் பார்த்தார், எலும்பெல்லாம் இருக்கிறதா என்று எண்ணுகிற மாதிரி. அது மட்டும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அதற்கு முன்னாலேயே எதையும் சரிபார்க்கிற குணம் உண்டு, அதற்கப்புறம் அது இன்னும் கூடியது. ராத்திரி படுக்கும் முன் கேஸ் வால்வு, ஜன்னல் கொக்கி, தண்ணீர்க் குழாய் எல்லாவற்றையும் தொட்டுப் பார்ப்பார், கடைசியில் எங்கள் நெற்றியையும். அம்மா தம்பியைப் பெற்றுக்கொண்டு ஆஸ்பத்திரியில் இருந்த வாரம் எனக்குத் தலை பின்னிவிட்டதும் அவர்தான். முடியை மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் விரலில் உருட்டிப் பார்த்து, ஒன்றிலிருந்து நாலு முடி எடுத்து இன்னொன்றில் சேர்ப்பார். "மூணும் சமமா இருந்தாத்தான் நிக்கும்" என்பார். சாயங்காலம் வரை அந்தப் பின்னல் அவிழாது. அம்மா பின்னியது மதியமே அவிழ்ந்துவிடும், அம்மா இதைப் படித்தால் கோபித்துக்கொள்வார்.

ஜார்ஜ்டவுனில் முதலில் குயின் ஸ்ட்ரீட் மகா மாரியம்மன் கோயில். 1833இல் கட்டியது. அர்ச்சனைக்கு அப்பா பெயர், நட்சத்திரம் சொல்ல அம்மா வாயெடுத்துவிட்டு நிறுத்திக்கொண்டார், இத்தனை வருடப் பழக்கம். என் பெயரையும் தம்பி பெயரையும் மட்டும் சொன்னார். வெளியே வந்ததும் பூக்கடைக்காரப் பையன் "பாட்டி, பசியாறிட்டீங்களா?" என்று கேட்டான், அதற்குத்தான் அம்மாவுக்குக் கண் கலங்கியது. பக்கத்திலேயே ஒரு கடையில் நாசி கண்டார் சாப்பிட்டோம். குழம்பையெல்லாம் கலந்து ஊற்றச் சொல்லி, வெண்டைக்காய் ஒன்று கூட வைத்து, அப்பா வாங்குகிற மாதிரியே.

அப்பாவின் நோட்டுப் புத்தகங்களில் ஒன்றை நான் கொண்டுபோயிருந்தேன், 1984ஆம் வருடத்தது. இடது பக்கம் முழுக்க கியூப் எண், தேதி, உடைந்த பாரம். வலது பக்கம் வீடு. பால் டின் 2. பாப்பா காய்ச்சல் 38.4, இரவு 11க்கு 37.9. அம்மாவுக்கு வாக்களித்த சேலை, தீபாவளிக்கு முன். ஒரே பேனா, ஒரே கையெழுத்து. சில நாள் இடது பக்கம் காலியாக இருக்கும், வலது பக்கம் காலியாக இருந்த நாளே இல்லை. பாலம் முடிந்ததும் வெளிநாட்டு வேலை ஒன்று கிடைத்தது, சம்பளம் மூன்று மடங்கு. அடுத்த நோட்டில் அந்த வாரத்துப் பக்கத்தில் "பிள்ளைகளைத் தூங்க வைப்பது யார்?" என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டிருக்கிறார். போகவில்லை.

மாலையில் கர்பால் சிங் டிரைவ் கடற்கரை நடைபாதைக்குப் போய் உட்கார்ந்தோம். அங்கிருந்து பாலம் நன்றாகத் தெரியும். மொத்தம் 13.5 கிலோமீட்டர், அதில் 8.4 கிலோமீட்டர் தண்ணீருக்கு மேல். 1985 செப்டம்பர் 14 அன்று திறந்தார்கள். இப்போது அகலப்படுத்தி முழுக்க ஆறு வழி ஆக்கிவிட்டார்கள். தெற்கே இதைவிட நீளமான இரண்டாவது பாலமும் 2014இல் வந்துவிட்டது, 24 கிலோமீட்டர். அதைப் பார்க்க அப்பாவைக் கூட்டிப்போனபோது சின்னப்பிள்ளை மாதிரி ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு வந்தார். "நம்மது நின்னுக்கிட்டுத்தான் இருக்கு" என்று மட்டும் கடைசியில் சொன்னார்.

அம்மா பையிலிருந்து கல்லை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கடலில் போடப்போகிறாரோ என்று எனக்கு ஒரு பயம். கேட்டேன். "பைத்தியமா? கதவு அடிச்சா அவருக்குப் பிடிக்காது" என்றார். பாலத்தில் விளக்கு எரியத் தொடங்கும்வரை அப்படியே இருந்தோம். ஆஸ்பத்திரியில் கடைசி நாள் அப்பா என்னிடம் பேசியது கட்டில் சக்கரத்தைப் பற்றித்தான், லாக் போட்டிருக்கா பாரும்மா என்று. குனிந்து பார்த்து, போட்டிருக்குப்பா என்றேன். சரி என்று கண்ணை மூடிக்கொண்டார். இதை அன்றைக்குத்தான் அம்மாவிடம் சொன்னேன்.

மறுநாள் திரும்பும்போது ஃபெர்ரி வேண்டாம், பாலம் வழியாகப் போவோம் என்றார் அம்மா. கிராப் டாக்சி ஓட்டிய பையனிடம் "மெதுவா போப்பா, நான் எண்ணணும்" என்று கேட்டுக்கொண்டார். வெயிலில் காங்கிரீட் நீளும் என்பதால் பாலத்தில் ஆங்காங்கே இடைவெளி விட்டு இணைப்பு வைத்திருப்பார்கள், அதன் மேல் சக்கரம் ஏறும்போதெல்லாம் தடக் தடக் என்று கேட்கும். சின்ன வயதில் அப்பா எங்களை எண்ணச் சொல்வார். ஒருநாளும் இருவர் எண்ணிக்கையும் ஒத்துப்போனதில்லை. டோல் தீவுக்குப் போகிற பக்கம் மட்டும்தான், அந்தக் காலத்திலேயே காருக்கு 7 வெள்ளி, திரும்பி வருகிற பக்கம் இல்லை. "வீட்டுக்குப் போறவங்ககிட்ட யாரு காசு கேப்பா" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார். நடுப் பகுதியைத் தாண்டும்போது அம்மா எண்ணுவதை விட்டுவிட்டார், உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

ராத்திரி பத்து மணிக்கு வீடு வந்து சேர்ந்தோம். தம்பி கதவைத் திறந்தவுடனே, "சமையலறைக் கதவு ரெண்டு நாளா அடிச்சுக்கிட்டே இருந்துச்சு, கல்லை எங்க வச்சீங்க?" என்றான். அம்மா செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போய் அதை அதன் இடத்தில் வைத்தார். அப்புறம் கேஸ் வால்வைத் தொட்டுப் பார்த்தார்.