நம்ம ஊர்ப் பெயர் கொண்ட ஆடு

முப்பது வருஷமாகத் தாம்பரத்தில் இருக்கிறேன். 'மெட்ராஸ் சிவப்பு' என்று ஒரு செம்மறி இனம் இருப்பது ஞாயிற்றுக்கிழமைதான் தெரியும்!

மதுராந்தகம் பக்கம் மச்சான் வீட்டில் ஒரு கிடாவைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். கால்நடை மருத்துவம் படிக்கும் அவர் மகள், தையல்காரர் டேப்பை அதன் நெஞ்சைச் சுற்றிப் போட்டாள். சனியன் துள்ளியது. மறுபடி அளந்தாள். செம்பழுப்பு மேனி, முறுக்கிய கொம்பு முழுக்க வரிவரியாக மேடு. பெட்டைக்குக் கொம்பே கிடையாது. கம்பளிக்கு ஆகாது, கறிக்குத்தான்.

"இதை அளந்து என்னம்மா ஆகப்போகுது?"

"அசல் எது, கலப்பு எதுன்னு தெரிஞ்சாத்தானே மாமா காப்பாத்த முடியும்?"

வேறு இனக் கிடாவை மந்தையில் விட்டால் நாளடைவில் இனம் கரைந்துவிடுமாம். அதற்காக ஒரே கிடாவை வருஷக்கணக்கில் வைத்திருந்தால் உறவுக்குள்ளேயே சேர்ந்து குட்டிகள் நோஞ்சானாகும். அதனால் மந்தைக்கு மந்தை கிடாவை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். காட்டுப்பாக்கத்துக் கால்நடை ஆராய்ச்சி நிலையத்தில் இந்த இனத்துக்காகவே வேலை நடக்கிறது.

சரி, ஆடு மேய இடம்? மச்சான் கை காட்டிய பக்கமெல்லாம் பிளாட் கல்.

அப்புறம், அந்தச் சட்டையை ரெண்டு தடவை துவைத்தாயிற்று. கிடா வாடை போகவில்லை.