அடி வாங்கத் தெரிஞ்ச ரிக்கி மார்ட்டன்

போன வாரம் தூக்கம் வராம ராத்திரி ரெண்டு மணிக்கு யூட்யூப்ல பழைய ரெஸ்லிங் மேட்ச் ஒண்ணை ஓட விட்டேன், 1986ல நடந்த ஸ்டார்கேட்னு ஒரு பெரிய ரெஸ்லிங் ஷோ, பிக்சர் எல்லாம் புள்ளி புள்ளியா இருக்கு, சவுண்டு கரகரன்னு வருது. கம்பி வலைக் கூண்டுக்குள்ள மேட்ச். மஞ்ச முடி வச்ச ஒரு ஒல்லிப் பையன், கை கால் எல்லாம் கலர் கலரா பந்தானா கட்டிக்கிட்டு, ரெண்டு முரட்டு ஆளுங்ககிட்ட மாத்தி மாத்தி அடி வாங்கிட்டே இருக்கான். எல்லாம் முன்னாடியே பேசி வச்சு பண்றதுன்னு எனக்குத் தெரியும், யாரு ஜெயிப்பாங்கன்னும் தெரியும், இருந்தும் "டேய் கைய நீட்டுடா"ன்னு ஸ்கிரீனைப் பார்த்து கத்திட்டேன்.

அந்தப் பையன்தான் ரிக்கி மார்ட்டன். இப்ப வயசு அறுபத்தஞ்சைத் தாண்டியாச்சு, அதனால இனிமே மரியாதையாவே எழுதறேன்.

1956ல டென்னசி மாநிலம் நாஷ்வில்ல பொறந்தவரு. அப்பா பால் மார்ட்டன் ரெஸ்லிங் ரெஃப்ரி, அதனால ரிங் போடுறது கழட்டுறதுல இருந்து எல்லாத்தையும் சின்ன வயசுலயே கிட்ட இருந்து பார்த்திருக்காரு. அந்தக் காலத்துல அமெரிக்கா முழுக்க ஒரே கம்பெனி கிடையாது, ஏரியா ஏரியாவா பிரிச்சு வச்சு ஆளாளுக்கு நடத்திட்டு இருந்தாங்க, அதுக்குப் பேரு டெரிட்டரி. மெம்பிஸ் டெரிட்டரில ஜெர்ரி லாலர்தான் பெரிய தலை. அங்க ஃபேபுலஸ் ஒன்ஸ்னு ஒரு டீம் பட்டையைக் கிளப்பிட்டு இருந்துச்சு, அதே மாதிரி இன்னொரு டீம் இருந்தா அவங்க போகாத ஊருக்கெல்லாம் அனுப்பலாம்னு 1983ல மார்ட்டனையும் ராபர்ட் கிப்சனையும் ஒண்ணா சேர்த்து விட்டாரு. பேரு ராக் அண்ட் ரோல் எக்ஸ்பிரஸ். அதாவது சும்மா ஸ்டெப்னி மாதிரி வச்சுக்கிட்ட டீம், கடைசில ஒரிஜினலை விட பெரிய பேரு வாங்கிடுச்சு.

ராபர்ட் பத்தியும் ஒண்ணு சொல்லணும். அவரோட அப்பா அம்மா ரெண்டு பேருக்குமே காது கேக்காது, அதனால சைகை மொழிலயே வளந்தவரு. ரெண்டு ரெண்டு பேரா ஜோடி சேந்து ஆடுற டேக் டீம்ல பாதி நேரம் வாய் பேசாம கண்ணாலயும் கையாலயும்தான் பார்ட்னர்கிட்ட பேசணும், அதுக்குன்னே பொறந்த ஆளு மாதிரி எனக்குத் தோணும். இது என் கற்பனையாவும் இருக்கலாம்.

சரி, மார்ட்டன் அப்படி என்னதான் பண்ணாரு? அடி வாங்குனாரு. கிண்டல் இல்ல, நிஜமாவே அதுதான் அவரோட தொழில்.

டேக் டீம் மேட்ச் பார்த்தவங்களுக்குத் தெரியும், ஒருத்தர் உள்ள, ஒருத்தர் கயித்துக்கு வெளிய ரிங் ஓரத்துல நிக்கணும், பார்ட்னர் கையைத் தொட்டு மாத்திக்கணும், அதுதான் டேக். முதல்ல நல்லவங்க டீம் ஜாலியா ஆடும். அப்புறம் வில்லனுங்க ஏதாச்சும் திருட்டு வேலை பண்ணி ஒருத்தரைத் தங்களோட மூலைக்கு இழுத்துட்டுப் போயிடுவாங்க. அங்கேருந்து நல்ல சாத்து. அவரு தவழ்ந்து தவழ்ந்து பார்ட்னர் பக்கம் வருவாரு, விரல் நுனிக்கு இன்னும் ஒரு சாண்தான் இருக்கும், அப்ப பின்னாடி இருந்து வில்லன் காலைப் பிடிச்சு இழுத்துடுவான். மறுபடி வருவாரு, இந்தத் தடவை டேக் கிடைச்சே போயிடும், ஆனா ரெஃப்ரி அப்பத்தான் வேற பக்கம் பார்த்துட்டு இருப்பாரு, நான் பாக்கலை செல்லாதுன்னுடுவாரு, கூட்டம் வெறியாயிடும். கடைசில எப்படியோ கை பட்டு பார்ட்னர் உள்ள வர்றதுதான் ஹாட் டேக். அந்த நேரத்துல அரங்கமே எந்திரிக்கும்.

இதுல கைதட்டு பூரா உள்ள வர்றவருக்குத்தான், ஆனா அதைச் சம்பாதிச்சுக் குடுக்கிறது கீழ கிடக்கிறவரு. மார்ட்டனை கவனிச்சுப் பாருங்க, அடி விழுந்ததும் சும்மா படுத்துக்க மாட்டாரு, ஒரு கை எப்பவும் ராபர்ட் இருக்கிற திசைல நீண்டிருக்கும், கண்ணு கூட்டத்தைப் பார்க்கும், முடி மூஞ்சில ஒட்டிக் கிடக்கும், எந்திரிக்க முயற்சி பண்ணி முட்டி மடங்கி மறுபடி விழுவாரு. செத்துட்டாருன்னு நினைக்கவும் விடமாட்டாரு, பொழச்சிட்டாருன்னு நிம்மதியா இருக்கவும் விடமாட்டாரு. இன்னிக்கும் ரெஸ்லர்களுக்குள்ள, மேட்ச்ல யாரு ரொம்ப நேரம் அடி வாங்கப்போறாங்கன்னு பேசும்போது "இன்னிக்கு ரிக்கி மார்ட்டன் யாரு"ன்னு கேப்பாங்க. ஒரு மனுஷன் பேரே ஒரு வேலைக்குப் பேராயிடுச்சு பாருங்க.

அப்படி அடிக்கிறதுக்கு சரியான ஆளுங்களும் கிடைச்சாங்க. 1984ல பில் வாட்ஸ் நடத்துன மிட் சவுத்னு ஒரு கம்பெனில மிட்நைட் எக்ஸ்பிரஸ்னு ஒரு டீம்கூட மோத ஆரம்பிச்சாங்க, பாபி ஈட்டன், டென்னிஸ் காண்ட்ரி, கூட மேனேஜரா டென்னிஸ் மட்டையைத் தூக்கிக்கிட்டு வாய் ஓயாம கத்துற ஜிம் கார்னெட். இந்த ரெண்டு டீமும் மோதுன மோதல் வருஷக்கணக்கா, கம்பெனி மாறியும் தொடர்ந்துச்சு. பாபி ஈட்டன் ஒரு குத்து விட்டா நிஜமாவே தாடை கழண்டுடுச்சோன்னு இருக்கும், ஆனா கூட வேலை செஞ்சவங்க எல்லாம் அவரை மாதிரி பத்திரமா பாத்துக்கிற ஆளு கிடையாதுன்னுதான் சொல்வாங்க.

1985 ஜூலைல ராக் அண்ட் ரோல் எக்ஸ்பிரஸ் க்ராக்கெட்னு இன்னொரு கம்பெனிக்கு வந்ததும் ரஷ்யக்காரங்களா வேஷம் கட்டியிருந்த டீம்கிட்டேருந்து என்டபிள்யூஏங்கிற ரெஸ்லிங் அமைப்போட உலக டேக் டைட்டிலை அடிச்சாங்க. அதுக்கப்புறம் பொண்ணுங்க கூட்டம்னா அப்படி ஒரு கூட்டம், பீட்டில்ஸுக்கு கத்துற மாதிரி கத்துவாங்க.

1986ல நடந்ததுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச கட்டம். உலக சாம்பியன் ரிக் ஃப்ளேருக்கும் மார்ட்டனுக்கும் தகராறு, ஃப்ளேரும் அவரு ஆளுங்களும் டிரெஸ்ஸிங் ரூம்ல புகுந்து மார்ட்டன் மூஞ்சியை காங்கிரீட் தரைல வச்சுத் தேய்ச்சாங்க, மூக்கு உடைஞ்சு போச்சுன்னு கதை. அப்புறம் மாஸ்க் போட்டுக்கிட்டு திரும்பி வந்தாரு. ஜூலைல சார்லட் ஸ்டேடியத்துல கூண்டுக்குள்ள டைட்டில் மேட்ச். ஜெயிச்சது ஃப்ளேர்தான், ஆனா இந்தப் பொடி ஆளு உலக சாம்பியன் ஆயிடுவாரோன்னு ஜனங்க நிஜமாவே நம்புனாங்க. டேக் டீம் ஆளு ஒருத்தர் அந்த அளவுக்குப் போறது சாதாரண விஷயம் இல்ல.

1991ல டபிள்யூசிடபிள்யூங்கிற கம்பெனில ஒரு கிறுக்கு ஐடியா பண்ணாங்க. மார்ட்டனை ராபர்ட்டுக்கு துரோகம் பண்ண வச்சு, பந்தானாவை எல்லாம் கழட்டிட்டு, யார்க் ஃபவுண்டேஷன்னு பணக்கார கும்பல்ல "ரிச்சர்ட்" மார்ட்டனா சேத்து விட்டாங்க. சுத்தமா எடுபடல. எப்படி எடுபடும், பத்து வருஷமா பாவம் பாவம்னு பார்த்த மூஞ்சியைத் திடீர்னு வெறுக்கச் சொன்னா யாரு வெறுப்பா? நான் அந்த மேட்ச் ரெண்டு மூணு பார்த்தேன், அவருக்கே அதுல மனசு இல்லாத மாதிரிதான் எனக்குப் பட்டுச்சு.

நல்லவேளை, அப்ப கார்னெட் சொந்தமா ஸ்மோக்கி மவுண்டன்னு டென்னசி பக்கம் கம்பெனி ஆரம்பிச்சு மார்ட்டனையும் ராபர்ட்டையும் மறுபடி ஒண்ணு சேத்தாரு. ரிங்ல பரம எதிரி, கடைசில வேலை போட்டுக் குடுத்தது அவருதான். 2017ல டபிள்யூடபிள்யூஇ ஹால் ஆஃப் ஃபேம்ல இவங்களைச் சேர்க்கும்போது மேடையேறி அறிமுகம் பண்ணதும் அதே கார்னெட்தான்.

அதோட மார்ட்டன் வீட்ல உக்காந்தாரா? இல்ல. 2019ல ராபர்ட்டும் அவரும் மறுபடி என்டபிள்யூஏ டேக் டைட்டில் ஜெயிச்சாங்க. அதே வருஷம் நவம்பர்ல ஏஇடபிள்யூங்கிற கம்பெனி ஷோவுக்கு வந்து, 63 வயசுல கனடியன் டெஸ்ட்ராயர் போட்டாரு, அதாவது எதிராளியோட சேந்து அந்தரத்துல குட்டிக்கரணம். எனக்கு அவரு வயசுல பாதி, கட்டில்ல இருந்து எந்திரிக்கும்போதே முதுகு பிடிச்சுக்குது. டென்னசில ஒரு ட்ரெயினிங் ஸ்கூல் நடத்துறாரு, பையன் கெர்ரியும் இப்ப ரெஸ்லர்.

ஆங், அந்த ராத்திரி மேட்சை சொல்லி முடிக்கல. ஓல் ஆண்டர்சன், ஆர்ன் ஆண்டர்சன் ரெண்டு பேரும் மார்ட்டனை பிழிஞ்சு எடுத்துட்டாங்க. கடைசில ஓல் அவரைத் தரைல போட்டு அடிக்க அலேக்கா தூக்குறாரு, அப்ப ராபர்ட் பாய்ஞ்சு ரெண்டு காலாலயும் எகிறி ஒரு உதை, ஓல் பொத்துன்னு மல்லாக்க விழ, மேல மார்ட்டன் விழ, ஒன் டூ த்ரீ. மேட்ச் முடிஞ்சு போச்சு, ஜெயிச்ச ஆளால எந்திரிக்கவே முடியல. மணி அப்ப மூணு, அடுத்த மேட்சை ஓட விட்டேன்.