வீடு மாறும்போது கணக்கில் வராத இழப்புகள்

சிங்கப்பூரில் கம்பம் எனப்படும் பழைய கிராமக் குடியிருப்புகளை இடித்துக் குடும்பங்களை அடுக்குமாடிக்கு மாற்றிய காலத்தைப் பேசும்போது, குழாய்த் தண்ணீரும் மின்சாரமும் வந்ததை எல்லாரும் சொல்வார்கள். உண்மைதான். 1961 மே 25 அன்று புக்கிட் ஹோ சுவீ தீயில் ஏறக்குறைய 16,000 பேர் வீடிழந்ததை அறிந்தவர் யாரும் அத்தாப்பு எனும் ஓலைக் கூரைக்கு ஏங்கமாட்டார். ஆனால் இழப்பீடு எதை அளந்தது, எதை விட்டது என்று பார்க்காமல் இந்தக் கதையை முடிக்கக்கூடாது.

நிலம் கையகப்படுத்தும் சட்டம் 1966ல் வந்தது. 1973க்குப் பிறகு, அந்த ஆண்டு நவம்பர் 30ஆம் தேதி விலை, அறிவிப்பு நாள் விலை இரண்டில் எது குறைவோ அதுதான் இழப்பீட்டுக்கு அடிப்படை. பின்னர் அந்தத் தேதியைச் சிலமுறை மாற்றினார்கள். முழுச் சந்தை விலை என்ற நிலை 2007ல்தான் வந்தது. 1960ல் 44 விழுக்காடாக இருந்த அரசு நிலம் 1985ல் 76 விழுக்காடானது.

நிலம் சொந்தமில்லாதவர்களுக்குக் கருணைத்தொகை கிடைத்தது. வீட்டின் அமைப்பு, பயிர், கொட்டகை, பழமரம் ஆகியவற்றைப் பார்த்துக் கொடுத்தார்கள். பலா மரத்தை எண்ண முடியும். மாதக் கடைசியில் அரிசி கடனாகக் கொடுத்த கடைக்காரரை எப்படி எண்ணுவது? சம்பள நாளும் வீடும் அவருக்குத் தெரியும், அதனால் கொடுத்தார். புதிய பேட்டைக் கடையில் அந்த அறிமுகம் இல்லை, கையில் காசு வேண்டும். கொல்லைக் கீரையும் கோழி முட்டையும் போயின. மாடு வளர்த்தவர்கள் தொழிலையே விட்டார்கள். அதே சமயம் வாடகை, மின்கட்டணம், பேருந்துக் கட்டணம் எல்லாம் மாதாமாதம் ரொக்கமாகப் போயின. சம்பளம் குறையாத குடும்பத்திலும் கையிருப்பு கரைந்ததற்கு இதுவே காரணம்.

தமிழர்களுக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது: எண்ணிக்கை குறைவு. செம்பவாங் கடற்படைத் தளத்தைச் சுற்றி நெருக்கமாக வாழ்ந்தவர்கள் பல பேட்டைகளுக்குச் சிதறினார்கள். கேன்பரா சாலையில் இருந்த புனிதமரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயம் ஈசூன் தொழிற்பேட்டைக்கு மாறியது. கோயிலைப் பெயர்த்து வைக்கலாம். நடந்தே வந்த அடியார் கூட்டத்தை அப்படிப் பெயர்க்க முடியாது.

ஒவ்வொரு பேட்டையிலும் புளோக்கிலும் எந்த இனத்தவர் எத்தனை விழுக்காடு வரை இருக்கலாம் என்று வரம்பு வைக்கும் 1989 இன ஒருங்கிணைப்புக் கொள்கையின் நோக்கத்தை மதிக்கிறேன். ஆனாலும் அதன் விலை சமமாகப் பகிரப்படவில்லை. இந்தியர், பிற இனத்தவர் வரம்பு இப்போது பேட்டைக்கு 12, புளோக்குக்கு 15 விழுக்காடு. சீனர் வரம்பு நிரம்பிய புளோக்கில் இந்தியர் ஒருவர் சீனருக்கு விற்க முடியாது. வாங்குவோர் குறைகிறார்கள், விலை இறங்குகிறது. விற்க வழியில்லாதவர்களின் வீட்டை வீடமைப்பு வளர்ச்சிக் கழகமே வாங்கும் உதவி 2022ல்தான் வந்தது.

பழைய புளோக்குகளைக் கையகப்படுத்தி, குடியிருப்போருக்கு மாற்று வீடு தரும் செர்ஸ் எனும் ஒட்டுமொத்த மறுமேம்பாட்டிலும் இழப்பீடு சந்தை விலைதான். அங் மோ கியோ அவென்யூ 3ல் 562 முதல் 565 வரையிலான புளோக்குகளுக்கு 2022 ஏப்ரலில் அறிவிப்பு வந்ததும் முதியோர் கலங்கியதில் நியாயம் இருந்தது. பழைய வீட்டின் விலை, குத்தகையில் எஞ்சிய ஆண்டுகளுக்கானது. மாற்று வீடோ புதிய 99 ஆண்டுக் குத்தகை. இடைவெளியைச் சேமிப்பிலிருந்து நிரப்ப வேண்டியிருந்தது. சில மாதங்களில் 50 ஆண்டுக் குத்தகைத் தெரிவும் சேர்க்கப்பட்டது.

இழப்பீட்டுக் கடிதத்தில் உள்ள தொகை அப்படியே கைக்கு வரும் என்று எண்ணுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. முதலில் வீட்டுக் கடன் பாக்கி கழியும். அடுத்து, ஓய்வுக்காலத்துக்கான மத்திய சேமநிதியிலிருந்து வீட்டுக்கு எடுத்த பணம் அதன் வட்டியோடு சேமநிதிக் கணக்குக்கே திரும்பும். எஞ்சுவது மட்டுமே ரொக்கம். அதனால் கடன் பாக்கி, சேமநிதியில் எடுத்த தொகை, வட்டி மூன்றையும் எழுதிக் கழித்துப் பார்த்த பிறகே புதிய வீட்டின் அளவைத் தேர்ந்தெடுங்கள். மதிப்பீட்டாளர் வருவதற்கு முன்பே புதுப்பிப்பு ரசீதுகளை எடுத்து வையுங்கள். ஒவ்வோர் அறையையும் படம் எடுங்கள்.

பள்ளி முடிந்த பேரனை யார் அழைத்து வருகிறார்கள், தனியாக இருக்கும் பாட்டியின் வீட்டுச் சாவி யாரிடம் இருக்கிறது என்றும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். உறவினரும் அண்டை வீட்டாரும் சேர்ந்தே மாற்று வீடு தேர்வுசெய்யும் வசதி உண்டு. தனித்தனியாகத் தேர்வு முடிந்துவிட்டால் பயனில்லை; அதற்கு முன்பே அந்தக் குடும்பங்கள் பேசி முடிவெடுக்க வேண்டும்.