பதினொரு சனிக்கிழமை வேலை, எட்டு மாதக் காகித அலைச்சல்

ஹட்டனுக்கு அப்பால் உள்ள ஒரு தோட்டப் பாடசாலையில், உயர்தரத் தொழினுட்பப் பிரிவு மாணவர்கள் 14 பேருடன் சேர்ந்து சரியும் மண்ணைத் தாங்க 12 மீற்றர் நீளத்தில் ஒரு கல் மதிலும், அதன் மேற்பக்கத்தில் மழைநீர் வடிந்தோட ஒரு கானும் கட்டி முடித்திருக்கிறோம். மதிலின் உயரம் 90 சென்ரிமீற்றர்தான். கட்டுவதற்குப் பதினொரு சனிக்கிழமைகள் போதுமாக இருந்தன. அதற்கான அனுமதிகளைச் சேர்க்க எட்டு மாதங்கள் ஆகின. தம் ஊர்ப் பாடசாலையில் இப்படி எதையாவது செய்ய நினைக்கும் பொறியியலாளர்களும் படவரைஞர்களும் தொழினுட்ப உத்தியோகத்தர்களும் அந்த எட்டு மாதத்தை மிச்சப்படுத்திக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நானும் தோட்டத்து லய வீட்டில் பிறந்தவன். கண்டியில் ஒரு நிர்மாண நிறுவனத்தில் படவரைஞராகச் சேர்ந்து, இப்போது தள மேற்பார்வையில் இருக்கிறேன். உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு 2013 இல் தொடங்கப்பட்டது நம் பிள்ளைகளுக்கு நல்ல வாய்ப்பு என்று அன்றும் நம்பினேன், இன்றும் நம்புகிறேன். ஆனால் பொறியியல் தொழினுட்பவியல் குறிப்புக் கொப்பியில் தாங்கு சுவரையும் அதன் நீர்க்கசிவுத் துளையையும் அழகாக வரைந்து வைத்திருந்த ஒரு மாணவனிடம், அந்தத் துளை எதற்கு என்று கேட்டபோது, “படத்தில இருக்கு சேர்” என்றுதான் அவனால் சொல்ல முடிந்தது. பாடசாலையின் மேல் கட்டடத்துக்குப் போகும் பாதையோரத்தில் ஒவ்வொரு மழைக்கும் மண் சரிந்துகொண்டிருந்தது. படிப்பதற்கு அதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது என்று அதிபரும் நானும் முடிவு செய்தோம்.

செப்டெம்பரில் அனுமதி கேட்கத் தொடங்கினோம். ஜனவரி முதல் மார்ச் வரை நம் பக்கத்தில் மழை குறைவு என்பதால் அந்த மூன்று மாதத்துக்குள் மண்வேலையை முடித்துவிடுவதே திட்டம். அனுமதிகளைச் சேர்க்க மூன்று மாத அவகாசம் தாராளமாகப் போதும் என்று கணக்குப் போட்டேன்.

முதல் கடிதத்தை வலயக் கல்வி அலுவலகத்தில் நேரே கொண்டுபோய்க் கொடுத்தேன். எந்த வலயம் என்பது இங்கே தேவையில்லை. கடிதம் அதிபர் மூலமாகக் கோட்டக் கல்வி அலுவலகத்துக்குப் போய் அங்கிருந்துதான் வர வேண்டும் என்று திருப்பிவிட்டார்கள். அது முறைதான், அதில் எனக்குக் குறையில்லை. இரண்டாவது முறை போனபோது, கடிதம் தமிழில் இருப்பதால் சிங்களப் பிரதி ஒன்றும் இருந்தால் “சுலபம்” என்றார் மேசையில் இருந்தவர். தமிழும் அரச கரும மொழி, அதுவும் நுவரெலியா மாவட்டத்தில், என்று வாதாட எனக்கு உரிமை இருந்தது. வாதாடியிருந்தால் கோப்பு அடியில் போயிருக்கும். பிரதியைக் கொடுத்துவிட்டு வந்தேன், அந்த மனக்கசப்பு இன்னும் போகவில்லை. மூன்றாவது முறை போனபோது, கோப்பை வைத்திருந்தவர் விடுமுறையில் இருந்தார், அலுமாரித் திறப்பு வேறு யாரிடமும் இல்லை. ஒரு நாள் சம்பளத்தை விட்டு, கண்டியிலிருந்து விடியற்காலை பஸ்ஸில் வந்து, பூட்டிய அலுமாரியைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். போவதற்கு முன் தொலைபேசியில் பேசி, கோப்பு யாரிடம் இருக்கிறது, அவர் அன்று வருவாரா என்று பெயர் கேட்டு உறுதி செய்யாமல் யாரும் பஸ் ஏறாதீர்கள்.

நான்காவது முறைதான் உண்மையான சிக்கல் வெளியே வந்தது. மதில் கட்டப்போகும் நிலம் பாடசாலைக்குரியதா, தோட்டத்துக்குரியதா என்று கேட்டார்கள். காணி அளவை வரைபடத்தைக் காட்டினால்தான் மேற்கொண்டு பேச முடியும் என்றார்கள். அதிபரிடம் வரைபடம் இல்லை. தோட்ட அலுவலகத்தில் கேட்டபோது, பழைய கோப்புகள் தம்மிடம் இல்லை, கம்பனித் தலைமையகத்துக்கு எழுதுங்கள் என்றார்கள். எழுதினோம். இரண்டு மாதம் பதிலே வரவில்லை. மலையகத்தின் பல பாடசாலைகள் ஒரு காலத்தில் தோட்ட நிருவாகத்தின் கீழ் இருந்து 1970களில் தொடங்கி அரசிடம் வந்தவை. 1992 இல் தோட்டங்களின் முகாமை கம்பனிகளுக்குக் கைமாறியது. இத்தனை கைமாற்றத்தில் ஒரு பாடசாலையின் எல்லைக்கல் எங்கே இருக்கிறது என்று சொல்லும் காகிதம் யாருக்கும் முக்கியமாகப் படவில்லை. நம் பிள்ளைகள் படிக்கும் நிலத்துக்கு ஒரு காகிதம் இல்லாமல் போவது சிறிய விடயம் அல்ல. கட்டடம் கேட்டு விண்ணப்பிக்கும்போதெல்லாம் இதே கேள்விதான் குறுக்கே வந்து நிற்கும்.

அந்தக் காகிதத்துக்கு வழியைக் கண்டுபிடித்தவர்கள் இரண்டு மாணவிகள். அதுவரை நான் செய்த பெரிய தவறு, காகித வேலை என்னுடையது, கட்டும் வேலை அவர்களுடையது என்று பிரித்து வைத்ததுதான். தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை வேறு வேலை இல்லாததால், பாடசாலையின் பழைய சம்பவத்திரட்டுப் புத்தகங்களை ஆண்டுவாரியாகப் புரட்டிப் பார்க்கச் சொன்னேன். கரையான் அரித்த ஒரு புத்தகத்தில், பச்சை மையில், அப்போதைய அதிபர் நில அளவையாளர் வந்துபோன நாளையும் வரைபட எண்ணையும் எழுதி வைத்திருந்தார். எண் கையில் கிடைத்ததும் நில அளவைத் திணைக்களத்தில் பிரதி எடுப்பது ஒரு நாள் வேலையாகிவிட்டது. மதில் வரப்போகும் இடம் பாடசாலை எல்லைக்குள் 4 மீற்றர் உள்ளே இருந்தது. அந்த வரைபடத்தின் மூன்று பிரதிகள் இப்போது மூன்று வெவ்வேறு அலுமாரிகளில் இருக்கின்றன. உங்கள் வேலையை இங்கிருந்து தொடங்குங்கள். வரைபட எண் கிடைக்கும்வரை வேறு எந்தக் கடிதமும் எழுத வேண்டாம்.

இறுதிக் கையொப்பத்துக்குப் போகும்போது மாணவர்களையும் அவர்களுடைய மாதிரியையும் கூட்டிக்கொண்டு போனேன். மாதிரி என்பது மூன்று பக்கம் கண்ணாடி வைத்த ஒரு பழைய மீன்தொட்டி. நாலாம் பக்கம், விளிம்பிலிருந்து சற்று உள்ளே, மதிலுக்குப் பதிலாக ஒரு மரத்துண்டு, அதன் பின்னால் மணல். மணல் காய்ந்திருக்கும்வரை மரத்துண்டு அசையாது. ஒரு மாணவி கோப்பையால் மெல்லத் தண்ணீர் ஊற்றுவாள். முதல் கோப்பைக்கு ஒன்றும் நடக்காது. மூன்றாவது கோப்பையில் மணலின் நிறம் அடியிலிருந்து கறுத்துக்கொண்டு மேலேறும், மரத்துண்டு தலைசாயும், பிறகு எல்லாம் ஒன்றாக வெளியே வந்து விழும். அடுத்து, அடியில் பானம் உறிஞ்சும் குழாய்கள் செருகிய, பின்னால் சிறுகல் நிரப்பிய இன்னொரு மரத்துண்டை வைப்பாள். எத்தனை கோப்பை ஊற்றினாலும் தண்ணீர் குழாய் வழியே சொட்டும், மரம் நிற்கும். அலுவலக வராந்தாவில் இதைச் செய்து காட்டியபோது அதிகாரி கதிரையை விட்டு எழுந்து வந்தார். இரண்டாவது முறை தண்ணீரை அவரே ஊற்றினார். அன்று பிற்பகலே கையொப்பம் கிடைத்தது.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரையும் கேட்கப்பட்டது. மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் அது கேட்கப்பட வேண்டியதே. 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லந்த மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை மறக்காத எவரும் அந்த விதியைத் தொல்லை என்று சொல்ல மாட்டார்கள். வந்த உத்தியோகத்தர் சரிவை முழுக்க நடந்து பார்த்தார். சரிவை வெட்டும்போது நிற்கும் மண்முகத்தை உயரமாக்காதீர்கள், மேலிருந்து வரும் தண்ணீரை முதலில் திருப்புங்கள், முழு நீளத்தையும் ஒரே நாளில் தோண்டாமல் மூன்று மூன்று மீற்றராகத் தோண்டிக் கட்டி முடித்துக்கொண்டு போங்கள் என்றார். பிள்ளைகள் அத்தனையையும் எழுதிக்கொண்டார்கள்.

இதற்குள் மே மாதம் வந்துவிட்டது. தென்மேல் பருவமழை எங்கள் பக்கச் சரிவுகளில்தான் முதலில் இறங்கும். இரண்டாவது சனிக்கிழமை தோண்டிய மூன்று மீற்றர்க் குழியின் மேல் விளிம்பு அன்றிரவே சரிந்து குழியை மூடியது. மழை பெய்த பின் நான் பார்க்காமல் யாரும் குழிக்குள் இறங்கக் கூடாது என்பது முதல் நாளே போட்ட விதி, ஆகையால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, பூட்டிய அலுமாரியும் பதில் வராத கடிதமும் எங்களை மார்ச்சிலிருந்து மே மாதத்துக்குத் தள்ளியிருப்பதை நினைத்து எனக்கு வந்த கோபம் சாதாரணமானது அல்ல. ஓர் அலுவலகத்தில் ஒரு கோப்பு தாமதமாவது, சரிவில் ஒரு பிள்ளையின் தலைக்கு மேல் நிற்கும் மண்ணாக மாறுகிறது. அதன் பிறகு வேலை நாட்களை மழையைப் பார்த்தே முடிவு செய்தோம். மேலே தார்ப்பாய் விரித்து, முதலில் கானை வெட்டி முடித்தோம்.

அந்தக் கானைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். சாய்வு எவ்வளவு வைப்பது என்று மாணவர்கள் புத்தகங்களில் தேடிக்கொண்டிருந்தபோது, ஒருவனுடைய தாத்தா, தோட்டத்தில் பல வருடம் கான் வெட்டியவர், வேலியோரம் நின்று, “நூத்தியிருபதுக்கு ஒண்ணு வச்சா தண்ணி மண்ண அரிக்காது, தேங்கவும் தேங்காது” என்றார். 12 மீற்றருக்கு 10 சென்ரிமீற்றர் என்று ஒரு மாணவி மனத்திலேயே கணக்குச் சொன்னாள். தெளிந்த குழாயில் தண்ணீர் நிரப்பி இரு முனையிலும் மட்டம் பிடித்து, முளை அடித்து, நூல் கட்டினார்கள். பேரனுக்கு அன்றிலிருந்து நடையே மாறிவிட்டது. உங்கள் மாணவர்களின் வீடுகளில் இப்படிப்பட்ட அறிவு எங்கேயாவது கட்டாயம் இருக்கும், வேலை தொடங்கும் முன்பே அவர்களைக் கூப்பிடுங்கள்.

மணலில் இன்னொரு இடி விழுந்தது. லொறி மேல் பாதையில் ஏறாது என்று சந்தியிலேயே கொட்டிவிட்டுப் போனார்கள். பெற்றோர் கொழுந்துச் சாக்கில் சுமந்து மேலே சேர்த்தார்கள். சுமந்த பிறகுதான் மணல் கையில் ஒட்டுவதைக் கவனித்தோம். மாணவர்கள் ஒரு கண்ணாடிப் போத்தலில் பாதிவரை மணல் போட்டு, உப்புத் தண்ணீர் ஊற்றி, நன்றாகக் குலுக்கி, மூன்று மணித்தியாலம் அசையாமல் வைத்தார்கள். 8 சென்ரிமீற்றர் மணலுக்கு மேலே ஒன்றரை சென்ரிமீற்றர் உயரத்துக்குச் சேறு தனிப் படையாக நின்றது. நூற்றுக்கு 8 வரை பொறுக்கலாம், இது அதைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். கடைக்காரர் முதலில் மாற்றித் தர மறுத்தார். போத்தலை அவருடைய மேசையில் வைத்து, ஒரு மாணவன் அடிமட்டத்தால் அளந்து காட்டிய பிறகு, அரைக் கியூப் நல்ல மணல் வந்தது. மணலை இறக்க விடும் முன்பே போத்தலும் உப்பும் கையில் இருக்கட்டும், சுமந்த தோள்களின் வலியை யாராலும் மாற்றித் தர முடியாது.

மதில் கட்டியதில் சொல்ல அதிகம் இல்லை. அடியகலம் 50 சென்ரிமீற்றர், சாந்து 1:5 (சீமெந்து ஒரு பங்கு, மணல் ஐந்து பங்கு), துளைக்கு 75 மில்லிமீற்றர்க் குழாய், ஒன்றரை மீற்றருக்கு ஒன்றாக ஏழு. கற்களை மேசன் பாஸ் ஒருவர் வைத்துக் காட்ட, பிள்ளைகள் வைத்தார்கள். சரியாக உட்காராத கல்லை அவர் பேசாமல் கழற்றிப் பக்கத்தில் வைப்பார், வைத்தவரே திரும்ப எடுத்து வைக்க வேண்டும். மதிலின் முழு உயரத்துக்கும் தண்ணீர் தேங்கினால் ஒவ்வொரு மீற்றர் நீளத்தையும் ஏறக்குறைய 400 கிலோகிராம், அதாவது எட்டு சீமெந்து மூட்டைப் பாரம், தள்ளும் என்று கணக்கிட்ட பிறகு, துளை எதற்கு என்று யாரும் என்னிடம் கேட்கவில்லை. பிள்ளைகள் செருப்போடு கல் தூக்க வந்ததால் முதல் சனிக்கிழமை வேலையை நிறுத்த வேண்டி வந்தது மட்டும் எனக்கு வருத்தம். பணம் குறைவாக இருந்தால் சீமெந்தில் இரண்டு மூட்டை குறைத்தாவது சப்பாத்தை முதலில் வாங்குங்கள், மதிலின் நீளத்தைச் சுருக்கிக்கொள்ளலாம்.

மீன்தொட்டி மாதிரியைச் செய்த மாணவி, மலைநாட்டுப் பெண்கள் யாராவது கட்டடக்கலைஞராக இருந்திருக்கிறார்களா என்று ஒருநாள் கேட்டாள். கண்டியில் பிறந்த மினெட் டி சில்வாவைப் பற்றியும், 1948 இல் பிரித்தானிய கட்டடக்கலைஞர்களின் அரச நிறுவகத்தில் இணை உறுப்பினரான முதல் ஆசியப் பெண் அவர் என்பதையும் சொன்னேன். சரிவான நிலத்தில் அவர் எப்படிக் கட்டினார் என்றுதான் அவள் அடுத்ததாகக் கேட்டாள். கட்டடக்கலைப் படிப்புக்கு உளச்சார்புப் பரீட்சை தனியாக உண்டு, அதைத் தவறவிட்டால் நல்ல பெறுபேறும் உதவாது. எந்தப் பாடங்களுடன் எதற்கு விண்ணப்பிக்கலாம் என்பதைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலில் மாணவர்களுடன் உட்கார்ந்து வரிவரியாகப் பாருங்கள். பல்கலைக்கழகம் கிடைக்காதவர்களுக்குத் தேசிய தொழிற்றகைமையின் ஏழு மட்டங்களும் இருக்கின்றன, அவற்றையும் அதே மரியாதையோடு சொல்லிக் கொடுங்கள்.

ஒக்டோபரில் மூன்று நாள் விடாமல் மழை பெய்தது. மாணவர்கள் ஒவ்வொரு துளைக்கு அடியிலும் ஒரு போத்தலை வைத்து, ஒரு மணித்தியாலத்துக்கு எவ்வளவு சேர்கிறது என்று அளந்து எனக்கு அனுப்பினார்கள். ஆறு துளைகளில் தண்ணீர் ஓடுகிறது. கீழ்ப்பக்கத்திலிருந்து மூன்றாவது துளையில் ஒரு சொட்டும் இல்லை. சிறுகல்லுக்குள் மண் புகுந்திருக்க வேண்டும் என்கிறார்கள். வருகிற சனிக்கிழமை கம்பியால் குத்திப் பார்க்கப் போகிறோம்.