கேட்காமல் எதையும் எடுக்காத பிள்ளை

கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் இடையிலுள்ள ஒரு தேயிலைத் தோட்டக் குடியிருப்பில் 19 ஆண்டுகளாக அங்கன்வாடிப் பணியாளராக இருக்கிறேன். மாதந்தோறும் பிள்ளைகளை நிறுத்து, எடையை வளர்ச்சி அட்டையில் புள்ளியாக வைத்துக் கோடு இழுப்பதும், கோடு பச்சைப் பட்டையிலிருந்து மஞ்சளுக்குச் சரிந்தால் தாயை அழைத்துப் பேசுவதும் இந்த வேலையில் நான் முதலில் பழகியவை. இப்போது எண்ணைப் பதிந்தால் அங்கன்வாடிகளுக்கான அரசின் போஷன் டிராக்கர் செயலியே சொல்லிவிடுகிறது. வீட்டில் பிள்ளையிடம் எந்தக் குரலில் பேசுகிறார்கள் என்பதற்கு மட்டும் அட்டையிலும் கட்டமில்லை, செயலியிலும் கட்டமில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் மூன்றரை வயதுப் பையன் ஒருவன் வந்து சேர்ந்தான். எடை சரியாக இருந்தது. அழமாட்டான், அடம்பிடிக்கமாட்டான், உட்காரவைத்த இடத்தைவிட்டு அசையமாட்டான். மற்றத் தாய்மாரிடம் அவனைக் காட்டி, "பிள்ளை வளர்த்தால் இப்படி வளர்க்கணும்" என்று நானே பலமுறை சொல்லியிருக்கிறேன். இன்று நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. ஒருநாள் வண்ணக் குச்சிகளை நடுவில் கொட்டி, பிடித்ததை எடுத்து வரையச் சொன்னேன். ஏழெட்டுக் கைகள் ஒன்றாகப் பாய்ந்தன. அவன் மட்டும் கைகளை மடியில் வைத்தபடி என் முகத்தைப் பார்த்தான். சிவப்பை எடுத்து நீட்டினேன். வாங்கிக்கொண்டு, எங்கே கோடு போடுவது என்று மறுபடியும் என் முகத்தையே பார்த்தான்.

அமெரிக்க உளவியலாளர் டயானா பாம்ரிண்ட் 1960களில் பெற்றோரின் போக்கை மூன்றாக வகுத்ததைப் பயிற்சி வகுப்பில் கேட்டிருந்தேன்: காரணம் சொல்லாமல் கட்டளையிடுவது, கட்டுப்பாடே இல்லாமல் விட்டுக்கொடுப்பது, அன்போடு விதியையும் அதன் காரணத்தையும் சொல்லி நடத்துவது. ஆனால் எங்கள் லயங்களில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், ஒரே பிள்ளை காலையில் அப்பாவின் அதட்டலிலும், பகலில் பாட்டியின் செல்லத்திலும், மாலையில் கொழுந்து பறித்துக் களைத்து வந்த அம்மாவின் மௌனத்திலும் வளர்கிறது. எந்த வகையில் அதைச் சேர்ப்பது?

அப்பையனின் தந்தையைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. கதவைத் திறந்தால் காட்டெருமை நிற்கக்கூடிய, இரவில் கரடி வந்துபோகிற ஊரில் பிள்ளையை அதட்டாமல் வளர்ப்பது எளிதல்ல. "ஒரு அடி வெச்சாத்தான் டீச்சர் பயப்படுவான்" என்றார். பயம் நாள்தோறும் நீடித்தால் உடலின் மன அழுத்தச் சுரப்பு குறையாமல் நின்று, பிள்ளையின் கவனத்தையும் நினைவாற்றலையும் பாதிக்கும் என்பதை எனக்குத் தெரிந்த மொழியில் சொன்னேன். அது அவர் காதில் ஏறவில்லை.

அடுத்த லயத்துப் பாட்டி ஒருவர் செய்ததைச் சொன்னபோதுதான் நின்று கேட்டார். அந்தப் பாட்டியும் பேத்தியை வெளியே விடமாட்டார். ஆனால், "மாடு நிக்குது கண்ணு, போனதும் நாமளே போய்ப் பார்க்கலாம்" என்பார். சொன்னபடியே, அது இறங்கிப்போன பிறகு ஈர மண்ணில் பதிந்த குளம்பைக் காட்டிக் கூட்டிவருவார். அந்தப் பேத்தி மறுநாள் அங்கன்வாடிக்கு வந்து, குளம்பு இரண்டாகப் பிளந்திருந்ததையும் பாட்டி வழுக்கி விழப் பார்த்ததையும் மூச்சுவிடாமல் சொல்லுவாள். இரு வீட்டிலும் விதி ஒன்றுதான். ஒரு வீட்டில் அதோடு பேச்சும் கூட வந்தது.

நானும் மாறவேண்டியிருந்தது. "சிவப்பா, பச்சையா?" என்று அவனிடம் கேட்டுவிட்டுக் காத்திருக்கப் பழகினேன், சமயத்தில் ஐந்து நிமிடம் ஆகும், சத்துமாவு உருண்டை பிடிக்கும் நேரத்தில் பொறுமை எங்கிருந்து வரும்? எந்த ஸ்வெட்டர் என்று காலையில் அவனையே கேட்கும்படி அவன் அம்மாவிடமும் சொன்னேன். ஏறக்குறைய ஐந்து மாதம் கழித்து எடை பார்க்கும் நாளில் அவன் முறை வந்தது. தராசின் முன்னால் நின்றுகொண்டு, "நான் ஏறமாட்டேன், முதல்ல நீங்க ஏறுங்க டீச்சர்" என்றான். ஏறினேன். குனிந்து எண்ணைப் பார்த்தான்.