ஆனைக்கோட்டையில் கரையாம்பிட்டியைத் தேடிப் போன அனுபவம்

யாழ்ப்பாணத்தில் பெருங்கற்காலத் (இறந்தவர்களுக்குப் பெரிய கற்களால் ஈமச்சின்னம் எழுப்பிய காலம்) தடயம் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் நட்டு நிறுத்திய கல்லைத் தேடிப் பயனில்லை. குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புக்கல். நிமிர்த்தி வைக்கிற அளவுக்குக் கருங்கல் பாறை இங்கே ஏது? அந்தப் பண்பாட்டு மக்கள் இங்கே இறந்தவர்களை மண்ணில் கிடத்தி, பக்கத்தில் பாண்டங்களை வைத்துப் புதைத்தார்கள். அப்படியான ஓர் ஈமக்காடு பட்டணத்துக்கு இவ்வளவு கிட்ட, ஆனைக்கோட்டையில் கரையாம்பிட்டி என்ற இடத்தில் இருப்பது என்னோடு படித்த பலருக்கே தெரியாது.

1980இல் பேராசிரியர் கா. இந்திரபாலா தலைமையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் அங்கே அகழ்ந்தார்கள். எலும்புக்கூட்டோடு ஒரு சின்ன முத்திரையும் கிடைத்தது. மேல் வரியில் குறியீடுகள், கீழ் வரியில் பிராமி என்ற பழங்கால எழுத்து. 'கோவேத' என்று வாசித்தார்கள். எழுத்தின் வடிவை வைத்து அதன் காலம் கி.மு. 3ஆம் நூற்றாண்டு என்கிறார்கள். ஒரு மோதிரத்தில் பதித்திருந்த முத்திரை அது. இங்கே வாழ்ந்த ஒருவர் கையில் கிடந்தது என்று நினைத்தாலே எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

தேடப் போவதற்கு முன் நாவலர் வீதி அருங்காட்சியகத்துக்குப் போனேன். இதைத் தவற விடவே கூடாது. அந்தக் காலத்துக் கறுப்பு-சிவப்புப் பாண்டம் எப்படி இருக்கும் என்று கண் பழகாவிட்டால், நேற்று உடைந்த சட்டிக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. பாண்டத்தைக் கவிழ்த்து வைத்துச் சுடும்போது உள்ளே காற்றுப் போகாது. அதனால் உட்பக்கமும் விளிம்பும் கறுப்பு, வெளிப்பக்கம் சிவப்பு. அதுதான் அடையாளம். குடாநாட்டின் இன்னொரு தொல்லியல் இடமான கந்தரோடையிலும் இதே வகைப் பாண்ட ஓடுகள் நிறைய எடுத்திருக்கிறார்கள்.

அப்புறம் மச்சானையும் கூட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஒட்டுமடம் தாண்டி மானிப்பாய் வீதியில் போனோம். தொலைபேசி வரைபடம் ஊர் மட்டும் கொண்டுபோய்ச் சேர்த்தது. கடையில் 'தொல்லியல் இடம்' என்று கேட்டால் யாருக்கும் பிடிபடவில்லை. கரையாம்பிட்டி என்று பெயரைச் சொன்னதும் வேலியோரம் நின்ற வயதான ஐயா ஒருவர், "தம்பி, அந்தக் காலம் எலும்பு எடுத்த இடமோ? கம்பஸ் பிள்ளைகள் வந்து கிண்டினவை" என்றார். எந்த ஒழுங்கையால் இறங்க வேண்டும், எந்தப் பனைக்கூடல் பக்கம் திரும்ப வேண்டும் என்று கையைக் காட்டிச் சொன்னார். நாற்பது வருடத்துக்கு மேல் ஆகியும் அவருக்கு அது ஞாபகத்தில் இருக்கிறது. இப்படியான ஆட்களின் ஞாபகத்தை யாராவது உட்கார்ந்து பதிவு செய்ய வேண்டும் என்று எனக்கு மிகவும் ஆசை.

போய்ச் சேர்ந்தால் மலைப்பாகப் பார்க்க ஒன்றும் இல்லை. மண் கொஞ்சம் உயர்ந்த நிலம், வடலி, புல். பெயர்ப்பலகை எதுவும் எங்கள் கண்ணில் படவில்லை. மச்சான் "இதுதானா?" என்று முகத்தைப் பார்த்தான். சரி, குனிந்து தேடுவோம் என்று வெயில் சாய்கிற பக்கமாக மெதுவாக நடந்தோம். கிடைத்தவை பெரும்பாலும் பிந்திய கால ஓடுகள். கடைசியில் மழைநீர் அரித்த ஓரத்தில் ஒரு விளிம்புத் துண்டு. உள்ளே கன்னங்கறுப்பு, வெளியே செம்மண் நிறம். மச்சான் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அதன் பிறகு என்னை விட அவன்தான் மும்முரமாகத் தேடினான்.

ஒரு நாணயத்தைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்துவிட்டு, துண்டை எடுத்த இடத்திலேயே வைத்தோம். வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. அனுமதி இல்லாமல் தொல்பொருளுக்காக நிலத்தைத் தோண்டுவது 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி குற்றமும்கூட. சுற்றிவர ஆட்கள் குடியிருக்கிற வளவுகள், ஆகவே கேட்டுவிட்டு உள்ளே போங்கள். மாரி மழை ஓய்ந்த பிறகு, தை மாசியில் போவது நல்லது. மழை கழுவிய நிலத்தில் ஓடுகள் தெளிவாகத் தெரியும், கல்லுண்டாய் வெளிப் பக்கம் தண்ணீரும் வற்றத் தொடங்கியிருக்கும்.