மண்டபத்து நிழல்: ஒரு வாத்தியாரின் நாட்குறிப்பு

நவம்பர் 5, செவ்வாய்

கல்லூரிக்குக் கிளம்பும் முன் மாடியில் ஒரு மணி நேரம். நான் எனக்காக வரைவது இந்த நேரத்தில்தான். 300 ஜிஎஸ்எம் கனத்த வாட்டர்கலர் தாள், போன வருஷம் வாங்கிப் பீரோவில் வைத்தது. வானத்துக்கு நீர்த்த வண்ணத்தில் ஒரு வாஷ் போட்டதுமே நீலம் பொட்டுப் பொட்டாக உள்ளே இறங்கிவிட்டது. மழை ஈரத்தில் தாளுக்குப் பூசியிருக்கும் ஜெலட்டின் பசை கெட்டுப்போனால் அப்புறம் அதில் வாட்டர்கலர் நிற்காது. விலையை நினைத்தால் வயிறு எரிகிறது. மிச்சத் தாள்கள் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளின் கரிக்கோல் பயிற்சிக்கு.

நவம்பர் 7, வியாழன்

இரண்டாம் ஆண்டு வகுப்பு மகாமகக் குளக்கரையில். சுற்றிலும் 16 மண்டபங்கள் இருக்க, பாதிப் பேர் போனில் படமெடுத்து அதைப் பார்த்து வரைந்துகொண்டிருந்தார்கள். எல்லார் தாளிலும் மண்டபத்தின் உள்நிழல் ஒரே கரி. வெயிலுக்கு அளவு வைக்கும் போன் நிழலைக் கறுப்பாக்கிவிடும்.

"போனைப் பையில் போடுங்கப்பா" என்றேன். ஒரு மாணவி விடவில்லை. "டேனியல்கள் மட்டும் கேமரா அப்ஸ்க்யூரா வச்சு வரைஞ்சாங்களே சார்?"

நியாயமான கேள்வி. ஆங்கில ஓவியர் தாமஸ் டேனியலும் அவர் சகோதரர் மகன் வில்லியமும் 1792–93இல் தென்னாட்டைச் சுற்றியவர்கள், தஞ்சைப் பெரிய கோயிலையும் வரைந்தவர்கள். ஆனால் கேமரா அப்ஸ்க்யூரா என்ற அந்த இருட்டுப் பெட்டிக்குள் விழுந்த காட்சியின் உருவத்திலிருந்து பென்சிலால் எடுக்க முடிந்தது கோடு மட்டும்தான். நிறத்தைக் கண்தான் பிடிக்க வேண்டும். அதையும் லண்டனுக்குப் போய் அச்சாக்கி முடித்தார்கள். அந்த வானம் நம்மூர் வானம் இல்லை என்பது என் பழைய புகார்.

விளக்கம் போதுமென்று அவளை மண்டபத்துக்குள் உட்காரச் சொன்னேன். கண் பழகியதும், "மேலே மஞ்சளா இருக்கு சார், கீழே ஊதா" என்றாள். படிக்கட்டு வெயில் தெறித்து விதானம் மஞ்சள், வானம் விழுந்து தரை நீலம். அல்ட்ராமரின் நீலமும் பர்ன்ட் சியன்னா காவியும் தண்ணீராகக் கலந்து, தாளைச் சாய்த்துப் பிடிக்கச் சொன்னேன். நீலத்தூள் தாளின் குழிகளில் தங்க, காவி விலகி வழிந்தது. காய்ந்தபோது கருங்கல்லின் சொரசொரப்பு தானாக வந்திருந்தது. தூரிகையால் தேய்த்து இதைக் கொண்டுவர முடியாது.

நவம்பர் 12, செவ்வாய்

பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப வேண்டிய அக மதிப்பெண் வேலை. தண்ணீர் மினுங்க வெள்ளை போஸ்டர் கலரைத் தொட்டு வைத்தவர்கள் உண்டு. தாளின் வெள்ளையை விட்டுவைக்கத் தெரியாதவர்களுக்கு என்னிடம் தாராளம் கிடையாது.

அந்த மாணவியின் படத்தில் தூண்கள் கொஞ்சம் சாய்ந்திருக்கின்றன. "கோடே நிக்கலையே, இதுக்கா இவ்வளவு மார்க்?" என்றார் சக ஆசிரியர். தூணை நிமிர்த்த ஒரு ஸ்கேல் போதும் சார் என்றேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. மார்க்கை மாற்றவும் இல்லை நான்.

மழை விட்டால் வியாழக்கிழமை வகுப்பு காவிரியின் பகவத் படித்துறையில். தண்ணீர் எந்தப் படிவரை ஏறியிருக்கிறதென்று முதல்நாளே போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டும்.